உங்களுக்குத் தெரியுமா? சுருட்டிய கம்பியும் ஒரு துண்டு ஸ்படிகமும்

செம்புக் கம்பியை முறுக்கி, ஸ்படிகக் கல்லைச் சுற்றிக் கட்டி, உலோகத் தூளோடு ரெசினில் புதைத்தால் ‘ஆர்கோன் சக்தி’ பெருகுமாம். காற்றும் மனசும் சுத்தமாகுமாம். இப்படிச் சொல்லி விற்கிறார்கள், வீட்டிலேயே செய்பவர்களும் உண்டு. கம்பிச் சுருளையும் படிகத்தையும் நிஜமாகவே வேலை வாங்குகிற இடங்கள் சென்னையிலேயே இருக்கின்றன: ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

பெட்டியில் தொடங்கிய கதை

‘ஆர்கோன்’ என்று பெயர் வைத்தவர் வில்ஹெல்ம் ரைக் (1897–1957). வியன்னாவில் ஃப்ராய்டிடம் உளப்பகுப்பாய்வு பயின்ற மருத்துவர். 1939-ல் அமெரிக்காவில் குடியேறினார். மரமும் உலோகத் தகடும் மாறி மாறி அடுக்கிய, ஆள் உட்காரும் பெட்டி ஒன்றைச் செய்து, பிரபஞ்ச சக்தி அதற்குள் சேர்கிறது என்றார். அந்தப் பெட்டியில் செம்புச் சுருளும் கிடையாது, ஸ்படிகமும் கிடையாது, ரெசினும் கிடையாது. ரெசின் கட்டி எல்லாம் அவர் காலமாகிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மற்றவர்கள் சேர்த்த சரக்கு.

ஐன்ஸ்டீன் பார்த்த தெர்மாமீட்டர்

1941 ஜனவரி 13 அன்று ரைக் பிரின்ஸ்டனுக்குப் போய் ஐன்ஸ்டீனைச் சந்தித்து மணிக்கணக்கில் பேசினார். தன் பெட்டியின் மேல்பக்கம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே சூடாக இருக்கிறது, அதுவே ஆர்கோனுக்குச் சாட்சி என்றார். ஐன்ஸ்டீன் கருவியை வாங்கிவைத்து அளந்தார். வெப்பநிலையில் சிறு வேறுபாடு இருந்தது உண்மைதான். அறையில் மேலேயும் கீழேயும் சுற்றும் காற்றின் வெப்ப வேறுபாடுதான் அதற்குக் காரணம் என்று கண்டுகொண்டு கடிதம் எழுதிவிட்டார். ரைக் ஏற்கவில்லை.

ஒரே ஆண்டு, இரண்டு நாடுகள்

ஆர்கோன் பெட்டிகளை மாநிலம் தாண்டி அனுப்பக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் 1954-ல் தடை விதித்தது. தடையை மீறிய வழக்கில் ரைக்குக்கு இரண்டு ஆண்டு சிறை. 1957 நவம்பரில் சிறையிலேயே இறந்தார். அவருடைய புத்தகங்களை அரசே எரித்தது இந்தக் கதையின் கறுப்புப் பக்கம். அதே 1954-ல்தான் இந்திய நாடாளுமன்றம் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டத்தை நிறைவேற்றியது. தாயத்து, மந்திரம், கவசம் எல்லாமே அதில் ‘மாய நிவாரணம்’. நோய் தீர்க்கும் என்று அவற்றை விளம்பரப்படுத்தினால் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை.

சுருளுக்கு உயிர் எப்போது வரும்?

மின்சாரம் ஓடும் கம்பி பக்கத்திலிருக்கும் காந்த ஊசியைத் திருப்பும் என்று டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820-ல் காட்டினார். வளைந்த இரும்புக் கம்பியில் செம்புக் கம்பியைச் சுற்றி, 1825-ல் மின்காந்தம் செய்தார் இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன். சுற்றச் சுற்ற ஒவ்வொரு சுற்றின் காந்தப் புலமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். சுருளின் ரகசியம் அவ்வளவுதான். மின்சாரம் இல்லாமல் மேசைமேல் கிடக்கும் சுருள் எத்தனை சுற்று சுற்றியிருந்தாலும் வெறும் செம்பு.

ராயபுரத்து ‘காயில்’ கணக்கு

மோட்டார் எரிந்துபோனால் ரீவைண்டிங் கடைக்காரர் முதலில் செய்வது, பழைய காயிலை, அதாவது சுருளைப் பிரித்துச் சுற்றுகளை எண்ணுவது. அடுத்து கம்பியின் கேஜ். அப்புறம் எத்தனை கிலோ காப்பர். ஸ்லாட்டில் லெதராய்டு பேப்பர் வைத்து, புதுச் சுருளை இறக்கி, நூலால் இறுக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்கிறார். ஒரே ஒரு காயிலைத் திசை மாற்றி இணைத்துவிட்டால் போதும், மோட்டார் சரியாகச் சுற்றாமல் முனகும். ஆர்கோன் சுருளிலும் இடமா வலமா என்று பெரிய விவாதம் நடக்கிறது. ஆனால் தப்பாகச் சுற்றியதை அங்கே காட்டிக்கொடுக்க மோட்டார் இல்லை.

வெறும் கம்பி ஆகாது

காயில் கட்டுகிற செம்புக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத எனாமல் பூச்சு இருக்கும். முனையை மட்டும் பிளேடால் சுரண்டித்தான் இணைப்புக் கொடுக்க முடியும். பூச்சில்லாத பளபளக்கும் கம்பியை நெருக்கிச் சுற்றினால் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆகிவிடும். மின்சாரமே கொடுத்தாலும் அது சுருளாக வேலை செய்யாது, செம்புக் குழாய்போல்தான் நடந்துகொள்ளும்.

முறுக்கினால் கூடுமா, குறையுமா?

இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் சக்தி பெருகும் என்பது ஆர்கோன் தரப்பு. நடப்பது நேர் எதிர். போகும் கம்பியும் வரும் கம்பியும் முறுக்கிக்கொண்டால் ஒன்றின் காந்தப் புலத்தை மற்றது அழித்துவிடும்; வெளியிலிருந்து வரும் இரைச்சலும் அடங்கும். தொலைபேசி கண்ட கிரஹாம் பெல் 1881-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். உங்கள் வீட்டு இன்டர்நெட் கேபிளுக்குள் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருப்பது இதற்காகவே.

புல்லட்டின் பொறி

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் ஆலை திருவொற்றியூரில்தான். பழைய புல்லட்டின் இக்னிஷன் காயிலில் இரண்டு சுருள்கள்: தடித்த கம்பியில் சில நூறு சுற்று, மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. சுவிட்சாக வேலை செய்யும் ‘பாயிண்ட்’ திறந்து மின்சாரம் வெட்டுப்படும் நொடியில், பேட்டரியின் சில வோல்ட் பல ஆயிரம் வோல்ட்டாக எகிறிப் பிளக்கில் பொறி பறக்கிறது. மின்சாரம் மாறும்போதுதான் சுருள் இந்த வித்தையைக் காட்டும்.

கல்லை அழுத்தினால்?

ஸ்படிகத்தை, அதாவது குவார்ட்ஸை, அழுத்தினால் அதன் முகங்களில் மின்னூட்டம் தோன்றும். ழாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டது இது. ரெசின் காயும்போது சுருங்கிக் கல்லை நெரிக்கிறது, அதனால் எப்போதும் மின்சாரம் வரும் என்கிறார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. அழுத்தம் மாறும் கணத்தில்தான் மின்னூட்டம் பிறக்கும்; ஒரே அழுத்தத்தில் கிடந்தால் கசிந்து மறைந்துவிடும். குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் கல் வினாடிக்கு 32,768 முறை துடிப்பதற்கும் பேட்டரி வேண்டும்.

காசிமேட்டுப் படகில் படிகம்

விசைப்படகின் அடியில் பொருத்தியிருக்கும் எக்கோ சவுண்டரின் உயிர், அழுத்த மின்சாரம் தரும் படிகம்தான். மின்துடிப்புக் கொடுத்தால் அது அதிர்ந்து ஒலி அனுப்பும். எதிரொலி வந்து மோதினால் திரும்ப மின்சாரம் தரும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். எதிரொலி 0.1 நொடியில் திரும்பினால் ஆழம் 75 மீட்டர். முதல் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேட பிரான்ஸின் லாஞ்ஜெவின் இதற்குக் குவார்ட்ஸைப் பயன்படுத்தினார். இன்றைய படகுகளில் இருப்பது செயற்கைப் பீங்கான் படிகம்.

ஃபைபர் போட்டுக்கும் அதே ரெசின்

ஆர்கோன் கட்டிக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின்தான் ஃபைபர் போட்டுக்கும். கண்ணாடி இழைப் பாய்மேல் ரெசினைப் பூசிப் பூசித்தான் கடற்கரையில் போட்டின் விரிசலை அடைக்கிறார்கள். ரெசின் இறுக கேட்டலிஸ்ட், வேகம் கூட்ட கோபால்ட். இந்த இரண்டையும் நேரடியாகக் கலந்துவிட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அதனால் ஒன்றை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்கள். காயும்போது ரெசின் தானாகவே சூடேறும். புதிதாக வார்த்த கட்டியைக் கையில் எடுத்தவர் உணரும் ‘சக்தி’ இந்தச் சூடாகவே இருக்கலாம். மூடிய சமையலறையில் இந்த வேலை வேண்டாம், புகை நெஞ்சைப் பிடிக்கும்.

பேட்டரி இல்லாமல் பாடிய பெட்டி

கம்பிச் சுருள், ஒரு கல், பேட்டரியே இல்லை, ஆனாலும் பாட்டுக் கேட்கும்! அதுதான் கிரிஸ்டல் ரேடியோ. சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924-ல் தொடங்கிய மதராஸ் மாகாண ரேடியோ கிளப் அதே ஆண்டு ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அட்டைக் குழாயில் செம்புக் கம்பியைச் சுற்றி, கலீனா என்ற ஈயக் கனிமத்தின்மேல் மெல்லிய கம்பி முனையைத் தொட வைத்து நிலையத்தைப் பிடித்தார்கள். கலீனா உணர்கருவிக்கு ஜகதீஷ் சந்திர போஸ் 1904-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். இதற்கும் சக்தி சும்மா வரவில்லை. நிலையத்தின் கோபுரம் அனுப்பிய அலையில் ஒரு துளியை வீட்டு ஏரியல் பிடித்தது. கிளப் 1927-ல் மூடியது. 1930-ல் மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தியது.

காற்றைச் சுத்தம் செய்யும் சுருள் இருக்கிறது!

நிலக்கரி எரியும் அனல் மின் நிலையத்தில் புகைபோக்கிக்கு முன்னால் நிற்பது நிலைமின் வீழ்படிவுக் கருவி. அமெரிக்கர் ஃப்ரெடரிக் காட்ரெல் 1908-ல் காப்புரிமை பெற்றது. வரிசை வரிசையாகத் தகடுகள், நடுவே கம்பிகள். கம்பிக்குப் பல்லாயிரம் வோல்ட் கொடுத்தால் புகையில் வரும் சாம்பல் மின்னூட்டம் ஏறித் தகட்டில் போய் ஒட்டும். சுத்தியல் தட்டியதும் கீழே கொட்டும். இந்தக் கருவியைத் தயாரிக்கும் ராணிப்பேட்டை பெல் (BHEL) ஆலையின் வடிவமைப்பில் அந்தக் கம்பி ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டிருக்கும். இந்தச் சுருள் ஓய்வெடுத்தால் துணி காயப்போட்டவருக்கே தெரிந்துவிடும்.

பிடித்த சாம்பல் எங்கே போகிறது?

தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குட்டைக்கு. வடசென்னை அனல் மின் நிலையத்தின் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது எண்ணூர் மீனவர்களின் நீண்ட நாள் வழக்கு. ஆற்றைக் குணப்படுத்த ஆர்கோன் கட்டிகளை நீர்நிலைகளில் வீசும் பழக்கம் வெளிநாடுகளில் உண்டு. ரெசினும் ஒருவகை பிளாஸ்டிக்தான். ஏற்கெனவே சாம்பல் சுமக்கும் கழிமுகத்துக்கு அது இன்னொரு குப்பை.

வானத்துக்குக் குழாய், கடலுக்குக் குழாய்

மேகத்தை நோக்கி உலோகக் குழாய்களைத் திருப்பி, மறுமுனையைத் தண்ணீரில் விட்டால் மழை வரவழைக்கலாம் என்றும் ரைக் நம்பினார். ‘மேக உடைப்பான்’ என்று அதற்குப் பெயர். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் தண்ணீருக்காகக் குழாய் போவது வானத்துக்கு அல்ல, கடலுக்கு. கடல்நீரைக் குடிநீராக்க அங்கே 2010-ல் திறந்த ஆலையின் கொள்ளளவு நாளுக்கு 10 கோடி லிட்டர்.

நிஜ ஸ்படிகமா, கண்ணாடியா?

ஈரோடு மாவட்டம் கொடுமணலில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஸ்படிகத்தைத் துளைத்து மணி செய்திருக்கிறார்கள். தஞ்சைக்கு அருகே வல்லத்துக் கல்லில் மூக்குக்கண்ணாடி வில்லை தேய்த்தார்கள். மாலை வாங்கும்போது கன்னத்தில் வைத்துப் பாருங்கள்: குவார்ட்ஸ் வெப்பத்தைச் சீக்கிரம் கடத்துவதால் கண்ணாடியைவிடச் சில்லென்று இருக்கும். உள்ளே வட்ட வட்டக் காற்றுக் குமிழ் தெரிந்தால் கண்ணாடி. நிஜக் கல் கண்ணாடியைக் கீறும்.

இரிடியம் கலசம்

‘இடி விழுந்த செம்புக் கலசம் இரிடியமாக மாறிவிட்டது, அரிசியை இழுக்கிறது, கோடிக்கணக்கில் விலை போகும்’ என்று தமிழ்நாட்டில் பலரை மொட்டையடித்த மோசடி ‘ரைஸ் புல்லிங்’. இடி விழுந்து செம்பு இரிடியமாகாது. அரிசியில் இரும்புத் தூளையும் கலசத்தில் காந்தத்தையும் ஒளித்துவிட்டால் யார் வேண்டுமானாலும் இழுத்துக்காட்டலாம்.

கதிர்வீச்சைத் தடுக்கப் போய்...

5ஜி கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றும் என்று விற்ற பதக்கம், கைவளை, கண்மூடி உள்ளிட்ட 10 பொருள்களே கதிரியக்கம் வீசுகின்றன என்று நெதர்லாந்தின் அணு பாதுகாப்பு ஆணையம் 2021 டிசம்பரில் எச்சரித்தது. ‘நெகட்டிவ் அயான்’ என்ற பெயரில் வரும் பொருள்களில் தோரியம் உள்ள கனிமத் தூள் கலப்பதுண்டு. ரெசின் கட்டி எதுவும் செய்யாது என்றாவது ஆறுதல் உண்டு; இவை நீண்ட நாள் தோலோடு ஒட்டிக்கிடந்தால் கெடுதல் செய்யக்கூடும்.

பத்து நிமிடச் சோதனை

ஒரு பெரிய இரும்பு ஆணி, ஒரு மீட்டர் எனாமல் கம்பி, ஒரு 1.5 வோல்ட் பேட்டரி. ஆணியில் ஐம்பது சுற்று சுற்றி, முனைகளைச் சுரண்டிப் பேட்டரியில் வையுங்கள். குண்டூசிகள் ஓடிவந்து ஒட்டும். சில நொடிக்கு மேல் வைக்காதீர்கள், கம்பி சுடும். பேட்டரியை எடுங்கள், ஊசிகள் உதிரும். இப்போது ஆணியை உருவிவிட்டு ஸ்படிகத்தைச் செருகிப் பாருங்கள்: பேட்டரி இருந்தாலும் குண்டூசி அநேகமாக அசையாது. அடுத்த முறை யாராவது ஆர்கோன் கட்டி விற்க வந்தால் ஒரு குண்டூசியை நீட்டிச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.