ஒரே சோபாவில் இருந்து பார்க்கும் படங்கள்

வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீடுகளில் எல்லோரும் படம் பார்க்கிறோம், ஆனால் ஆளுக்கொரு திரையில். பிள்ளைகள் பேஸ்மென்டில், அம்மம்மா மேலே தொடர் நாடகத்தோடு, அப்பா கைபேசியோடு. பிள்ளை எதற்குச் சிரித்தது என்று பெரியவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எதற்கு அழுதார்கள் என்று பிள்ளைக்கும் தெரியாது. 'கார்ட்டூன் சின்னவர்களுக்கு' என்று நாம் ஒதுக்கிவிடும் படங்களில் சில, உண்மையில் அம்மாமாரைப் பற்றியவை. அவற்றில் மிக நல்லவை சில இந்த நாட்டிலேயே பிறந்திருக்கின்றன, அல்லது இந்த நகரத்தையே காட்டுகின்றன.

முதலில் 'த ஸ்வெட்டர்'. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 1980இல் வெளியிட்ட, பத்தே நிமிடப் படம். இயக்கியவர் ஷெல்டன் கோகன். எழுத்தாளர் ரொக் கரியே தன் சிறுவயதைச் சொல்லும் கதை. ஆங்கிலத்திலும் அவர் குரலிலேயே கேட்கலாம். 1946, கியூபெக்கில் ஒரு கிராமம். அங்குள்ள பையன்கள் அத்தனை பேரும் மொன்றியல் அணியின் மொறிஸ் றிஷார் போல 9ஆம் இலக்கச் சட்டை போட்டு ஹொக்கி விளையாடுகிறார்கள். இவனுடைய சட்டை கிழிந்து போகிறது. அம்மா ஈட்டன்ஸ் கடைக்குத் தபாலில் எழுதிப் புதியது வாங்குகிறார். (டவுன்டவுன் ஈட்டன் சென்ரரின் பெயர் அந்தக் கடையுடையதுதான்.) கட்டளைப் படிவம் ஆங்கிலத்தில் இருப்பதால் அதை விட்டுவிட்டு, பிரெஞ்சில் ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறார். வந்து சேர்வதோ ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் சட்டை!

பையன் அழுகிறான். திருப்பி அனுப்பினால் ஈட்டன் துரை மனம் நோவார் என்கிறார் அம்மா. ஆங்கிலப் படிவத்துக்குத் தயங்கும் அம்மா, வகுப்பில் தனித்துத் தெரிய அஞ்சும் பிள்ளை: ஸ்காபரோவில் இதை நாம் பார்த்ததில்லையா? முதற் குளிர்காலத்தில் யாரோ தந்த ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன தலைமுறை இப்போது பெற்றோராக இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் லேசாக இராது.

முடிவுக்குச் சற்று முன் பையன் கோபத்தில் மட்டையை அடித்து உடைக்கிறான். நடுவராக நின்ற இளம் குருவானவர், கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேள் என்று அனுப்புகிறார். அவன் அங்கே கேட்பது வேறு. அந்துப்பூச்சிகளை அனுப்பி இந்தச் சட்டையை அரித்துவிடும்படி ஆண்டவரிடம் மன்றாடுகிறான்! (மத்தேயு 6இல் வரும் அதே பூச்சி.) வாரியத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பார்த்த பின் வீட்டில் ஒரு கேள்வியைப் போடுங்கள்: அம்மா அதைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டுமா? பிள்ளைகளின் பதில் உங்களைத் திடுக்கிட வைக்கலாம்.

அடுத்தது 'பாவோ', 2018, எட்டு நிமிடம். பேச்சே இல்லை, ஆகவே ஆங்கிலம் தெரியாத அம்மம்மாவுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ரொறன்ரோவில் வாழும் சீனத் தாய் ஒருவர் அவித்த கொழுக்கட்டை உயிர் பெற்றுப் பிள்ளையாகிறது. வளர்ந்து வீட்டை விட்டுப் போகப் பார்க்கிறது. அப்போது அந்தத் தாய் செய்வதைப் பார்த்துச் சின்னவர்கள் அலறுவார்கள். பெரியவர்கள் அமைதியாகிவிடுவார்கள். இயக்கிய டோமி ஷி ரொறன்ரோவில் வளர்ந்து ஓக்வில் ஷெரிடன் கல்லூரியில் படித்தவர். கொழுக்கட்டை மடிக்கும் விதத்தைப் படக்குழுவுக்குக் காட்ட அவருடைய அம்மாவே போயிருந்தார். படம் ஒஸ்கார் பெற்றது.

அவரே 2022இல் எடுத்த முழுநீளப் படம் 'டேர்னிங் ரெட்'. 2002ஆம் ஆண்டு ரொறன்ரோ: ஸ்ட்ரீட்கார், சி.என். கோபுரம், ஸ்கைடோம். 13 வயது மேய்க்கு உணர்ச்சி பொங்கினால் பெரிய சிவப்புப் பாண்டாவாகிவிடுகிறாள். அவளுடைய தோழி பிரியாவுக்குக் குரல் கொடுத்தவர் மிசிசாகாவில் பிறந்த நம் தமிழ்ப் பெண் மைத்ரேயி ராமகிருஷ்ணன். அந்தக் குரல் வரும்போது எங்கள் பிள்ளைகள் சற்று நிமிர்ந்து உட்கார்வார்கள்.

இந்தப் படத்தைப் பற்றிப் பெற்றோருக்குத் தயக்கம் உண்டு. மேய் பொய் சொல்கிறாள், வீட்டில் மறுத்தும் இசை நிகழ்ச்சிக்குப் போகிறாள். முன்னோர் வழிபாடும் வருகிறது. நியாயமான தயக்கம்தான். ஆறு வயதுக்காரரிடம் தனியே கொடுக்க வேண்டாம் என்பேன். பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளையோடு பக்கத்தில் இருந்து பார்த்தால், அந்தப் பொய்யைப் பற்றியும் பேச வாய்ப்பு வரும். மகளின் கொப்பியை எடுத்துப் பார்த்த தாய், அவளைக் கடைக்கே இழுத்துப்போய் எல்லோர் முன்னும் வெட்கப்படுத்தும் காட்சி ஒன்று இருக்கிறது. அதில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், திரையில் உள்ளதை அல்ல, பக்கத்தில் இருப்பதை. பின்னால் மூங்கில் காட்டில் அதே தாய் அழும் சிறுமியாகத் தெரிவார். படத்தின் உயிர் அங்கே இருக்கிறது.

இனி அம்மம்மாவின் முறை. ஏ.வி.எம். 1965இல் எடுத்த 'குழந்தையும் தெய்வமும்' போடச் சொல்லுங்கள். பிரிந்த பெற்றோரைச் சேர்த்து வைக்க இடம் மாறும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டு பேராகவும் நடிப்பவர் குட்டி பத்மினி. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகள் கத்துவார்கள், 'இது த பேரண்ட் ட்ராப்!' என்று. சரிதான். டிஸ்னி அதை எடுத்தது 1961இல். 'நாங்கள்தான் முதல்' என்று அதற்குள் யாரும் சண்டை பிடிக்க வேண்டாம். இரண்டுக்கும் மூலம் எரிக் கெஸ்ட்னர் 1949இல் எழுதிய ஜெர்மன் நாவல்.