கடுவன் பூனை சுவரை நனைக்கிறதா?

"சார், காலையில கழுவி விட்டா சாயங்காலமே நாத்தம். வர்றவங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க. பேசாம கோணியில கட்டி காசிமேட்டுல விட்டுடலாமா?"

மூட்டுவலிக்குத் தைலம் வாங்க வரும் மணலித் தாய்மார்கள் பேச்சோடு பேச்சாகக் கேட்கும் கேள்வி இது. அவர்கள் கவலை நியாயமானதுதான். சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் இருக்கிற ஊர். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்து, ஜனங்கள் ராத்திரியில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்த மாதிரி நெடி வீட்டுக்குள்ளேயே அடித்தால் யாருக்குத்தான் பயம் வராது? பூனையின் சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்தால் வருவதும் அமோனியாதான்.

ஆனால் கோணிப்பையைத் தேடுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். இதற்கு நல்ல தீர்வு இருக்கிறது.

திமிர் இல்லை, பருவம்

ஒண்ணுக்குப் போவது வேறு, பீய்ச்சுவது வேறு. சாதாரணமாகப் போகும்போது பூனை குந்தி உட்காரும். பீய்ச்சும்போது நின்றபடியே, சுவருக்கு முதுகைக் காட்டி, வாலைத் தூக்கி நடுக்கிக்கொண்டு, கொஞ்சமாகப் பின்பக்கம் அடிக்கும். கதவு, பீரோ, ஜன்னல் திரை எதுவும் தப்பாது.

'இது என் எல்லை, நான் வயசுக்கு வந்துவிட்டேன்' என்று மற்றப் பூனைகளுக்கு அது சொல்லும் சேதி இது. ஆண்மைச் சுரப்புதான் இதைத் தூண்டுகிறது. கடுவனின் சிறுநீரில் ஃபெலினைன் என்ற கந்தகச் சத்துள்ள பொருள் அதிகம். அது சிதையச் சிதைய நாற்றம் கூடும். நம் சித்த மருந்துகளில் சேரும் புனுகும் ஒரு பிராணி எல்லை குறிக்க வைக்கிற வாசனைதானே!

அதனால் அடிப்பதும், மூக்கைப் பிடித்து அந்த இடத்தில் தேய்ப்பதும் வீண். பயந்தால் இன்னும் அதிகமாகப் பீய்ச்சும்.

இது மட்டும் அவசரம்

பூனை அடிக்கடி குந்தி முக்குகிறதா? கத்துகிறதா? சொட்டுச் சொட்டாக, ரத்தம் கலந்து வருகிறதா, அல்லது வரவே இல்லையா? அப்படியானால் அது நீரடைப்பு. ஆண் பூனையின் நீர்த்தாரை மிகக் குறுகல். முழுதாக அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். அடக்கக்கூடாத 14 வேகங்களில் சிறுநீரும் ஒன்று என்று சித்த மருத்துவம் சொல்வது மனிதர்களுக்காக என்றாலும், இந்த வாயில்லாத ஜீவனுக்கும் பொருந்தும். அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள்.

"நெருஞ்சில் கஷாயம் கொடுக்கலாமா?" என்று கேட்பார்கள். கூடாது. நம் மருந்துகளின் அளவு மனித உடம்புக்கு வகுத்தது. பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒன்று கூட பூனையைக் கொல்லக்கூடும். கற்பூரம், நீலகிரித் தைலம், பாச்சை உருண்டை இவற்றை வைத்து விரட்டுவதும் ஆபத்து.

சரியான வழி

விதை எடுக்கும் ஆபரேஷன்தான். மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற சின்ன ஆபரேஷன். செய்தால் பத்தில் ஏறக்குறைய ஒன்பது கடுவன்களுக்குப் பீய்ச்சும் பழக்கம் நின்றுவிடுகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. சிலவற்றுக்கு உடனே நிற்கும், சிலவற்றுக்குச் சில வாரம், சில மாதம் ஆகும். ஐந்தாறு மாத வயதில், பழக்கம் ஊறுவதற்கு முன்பே செய்துவிட்டால் ரொம்ப நல்லது. வயதான பூனைக்கும் பலன் உண்டு.

"ஆம்பளைப் பூனையை இப்படிப் பண்றது பாவமில்லையா?" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இரவெல்லாம் சுற்றி, சண்டை போட்டு, சீழ் பிடித்த காயத்தோடு வந்து கிடப்பதை விட இது பாவமில்லை.

மணலிக்காரர்களுக்கு அலைச்சலும் இல்லை. கால்நடைப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே மாதவரம் பால்பண்ணையில் இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியும் வேப்பேரியில் உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகும் நிற்கவில்லை என்றால், வெளியே வேறு கடுவன் வந்து ஜன்னலில் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும்.

நாற்றம் போக

முதலில் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். என்சைம் கலந்த துணி துவைக்கும் பவுடரை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தேய்த்து, அலம்பி, உலரவிடுங்கள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு, சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள்.

பினாயில் வேண்டாம். பாதத்தில் ஒட்டியதைப் பூனை நக்கும். அந்த விஷத்தை முறிக்கும் சக்தி அதன் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பிளீச்சிங் பவுடரும் ஆகாது. சிறுநீரோடு கலந்தால் மூச்சு முட்டும் வாயு கிளம்பும். ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டில் ரொம்பவே ஜாக்கிரதை.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால்?

பயப்பட வேண்டாம். டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் மலத்தில்தான் வரும், சிறுநீரில் அல்ல. மலம் கழித்த மண்ணைத் தினமும் வேறு யாராவது அள்ளிக் கொட்டட்டும். ஒரு நாளாவது கழிந்த பிறகுதான் அந்தக் கிருமி தொற்றும் நிலைக்கு வரும்.

கடைசியாக ஒன்று. வளர்த்த பூனையைப் பட்டினியில் தவிக்க விட்டுவிட்டு வருவது 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த பூனைக்கு மீன் சந்தையின் சண்டைக்காரக் கடுவன்களோடு மல்லுக்கட்டத் தெரியாது. அதைக் கோணியில் கட்டி ஆட்டோ பிடித்துக் காசிமேட்டுக்குப் போவதைவிட, கூடையில் வைத்து மாதவரத்துக்குப் போய்வாருங்கள்.