219 பேர் ஊரில் பிழைத்துக்கொண்ட பள்ளிக்கூடம்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துப் பள்ளிகளுக்கு செப்டம்பர் 20 முக்கியமான நாள். அன்றைய தலைக்கணக்கை வைத்துத்தான் அரசுப் பணம் வரும். பெரிய நகரத்தில் நாலு பிள்ளை குறைந்தால் யார் கண்ணிலும் படாது. வால்டன் மாதிரி ஊரில் படும். 2020 கணக்கெடுப்பில் அந்த ஊரின் மொத்த மக்களே 219 பேர்தான்!

சுற்றிலும் கோதுமை வயல்கள். 1874-ல் ரஷ்யப் பகுதியிலிருந்து வந்த மென்னோனைட் குடியானவர்கள் வேரூன்றிய மண் இது. ஆனால், பத்துப் பேர் செய்த வேலையை ஒரே இயந்திரம் செய்ய ஆரம்பித்ததும் பண்ணைகள் பெருத்தன, குடும்பங்கள் குறைந்தன. ஊரின் தொடக்கப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை நூறுக்கும் கீழே இறங்கியது. அடுத்தது பூட்டுதான் என்ற நிலை.

2007-ல் அதைச் சார்ட்டர் பள்ளியாக மாற்றினார்கள். அரசுப் பணத்தில் நடக்கும், கட்டணம் கிடையாது, பாடத்திட்டத்தில் கொஞ்சம் கூடுதல் சுதந்திரம் உண்டு. அவ்வளவுதான் சார்ட்டர். வால்டன் அந்தச் சுதந்திரத்தை விவசாயத்துக்குப் பயன்படுத்தியது. குட்டிப் பிள்ளைகள் கோழிக்குத் தீனி வைக்கிறார்கள், முட்டை பொறுக்குகிறார்கள், விற்கிறார்கள். விற்ற காசை எண்ணுவதுதான் கணக்குப் பாடம். அக்கம்பக்கத்துப் பண்ணைக் குடும்பங்களும் வகுப்புகளோடு கைகோத்தன.

சில ஆண்டுகளிலேயே எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. காத்திருப்போர் பட்டியலே போட வேண்டி வந்தது.

வேடிக்கை என்னவென்றால், சேர்ந்தவர்களில் பலர் பண்ணைப் பிள்ளைகளே இல்லை. 219 பேர் ஊரால் ஒரு பள்ளியை நிரப்ப முடியாதே! பக்கத்து நியூட்டன் நகரத்துப் பெற்றோர், தங்கள் பிள்ளை ஆட்டுக்குட்டியைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள். கிராமத்துப் பள்ளியைக் காப்பாற்றியது நகரத்துப் பிள்ளைகள்.

இங்கேதான் ஒரு சிக்கல். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் சார்ட்டர் பள்ளிகளில் பொதுவாகக் குலுக்கல் முறைதான். குலுக்கல் பாரபட்சம் பார்க்காது, தூரம் பார்க்கும். பல மாநிலங்களில் சார்ட்டர் பள்ளிகள் பேருந்து விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காரும் நேரமும் உள்ள அப்பா, அம்மாவுக்கு இது பிரச்னையே இல்லை. காலை ஷிப்டுக்கு ஓடும் அம்மாவுக்கு? நியூட்டன் ரயில்வே ஊர். தண்டவாள வேலைக்கு வந்த மெக்சிகோ குடும்பங்கள் நூறாண்டுக்கும் மேலாக அங்கே வாழ்கின்றன. இப்படிப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளும் கிராமத்துச் சார்ட்டருக்கு வந்து சேர்கிறார்களா என்பதுதான் ஒவ்வோர் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி.

அதைப் புள்ளிவிவரத்தில் தேடினாலும் லேசில் கிடைக்காது. ஒரு பிரிவில் மிகச் சில பிள்ளைகளே இருந்தால், அவர்கள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத் தேர்ச்சி விவரங்களை மறைத்துவிடுவார்கள். சின்னப் பள்ளிகளின் அட்டவணையில் அந்தப் பிள்ளைகள் இருக்கும் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு நட்சத்திரக் குறிதான் இருக்கும்.