செல்லுலோஸ் சிதைக்கும் நொதிக் குடும்பங்களும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

அரிசி மாவும் பருத்தி இழையும் குளுக்கோஸ் அலகுகளால் ஆனவையே. மாவில் அவை ஆல்ஃபாப் பிணைப்பாலும், பருத்தியின் செல்லுலோசில் பீட்டாப் பிணைப்பாலும் கோக்கப்பட்டுள்ளன. இவ்வேறுபாட்டினால், சோற்றைச் செரிக்கத் தொடங்கும் உமிழ்நீர் நொதி ஒரு நூலிழையையும் அறுக்க இயலாது. அப்பணி பெரிதும் பூஞ்சைகளுக்கும் பாக்டீரியாக்களுக்கும் உரியது.

இரண்டாம் உலகப்போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையினரின் பருத்தித் துணிகளை அரித்த ட்ரைக்கோடெர்மா ரீசி என்னும் பூஞ்சை இதற்குத் தக்க சான்று. அது சுரக்கும் முதன்மை நொதிகளுள் இரண்டு, செல்லுலோஸ் சங்கிலியை எதிரெதிர் முனைகளிலிருந்து அறுத்து வருகின்றன. தொழில் ஒன்றாயினும் உறவு இல்லை: ஒன்று 7ஆம் குடும்பம், மற்றது 6ஆம் குடும்பம். மறுதலையாக, 5ஆம் குடும்பத்தில் செல்லுலோசை அறுப்பனவும் மன்னானை அறுப்பனவும் உடன்பிறப்புகளாக உள்ளன. தொழிற்பெயர் உறவைக் காட்டாது என்பதனாலேயே, 1991இல் பிரான்சு நாட்டு அறிஞர் பெர்னார் ஹென்ரிசா 291 நொதிகளை அமினோ அமில வரிசையின் ஒப்புமை கொண்டு 35 குடும்பங்களாகப் பகுத்தார். வரிசை ஒத்தால் மடிப்பும் பெரும்பாலும் வினைமுறையும் ஒக்கும்.

ஆயினும் இம்முறையும் ஒருமுறை இடறியது. 61ஆம் குடும்பம் நீராற்பகுப்பு நொதிகளுள் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தது. அவற்றின் அறுக்கும் திறன் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகவே இருந்தது. 2010ஐ ஒட்டிய ஆய்வுகள், அவை செம்பு அணுவின் துணையால் ஆக்சிஜனேற்றம் செய்து, இறுகிய செல்லுலோஸ் பரப்பையே உடைப்பதை வெளிப்படுத்தின. 2013இல் அக்குடும்பம் துணை வினைகள் என்னும் புதிய வகுப்பில் 9ஆம் எண்ணைப் பெற்றது.

கலைச்சொல் தொகுப்போர்க்கு இது வெறும் வேதியியற் செய்தி அன்று. 61ஆம் குடும்பத்துக்கு 'நீராற்பகுப்பி' எனத் தமிழ்ப்பெயர் இட்டிருந்தால் அப்பெயர் இன்று பொய்யாகியிருக்கும். தமிழகப் பாடநூல்களின் 'நொதி', 'ஆக்சிஜனேற்றம்' ஆகியவை இலங்கைப் பாடநூல்களில் 'நொதியம்', 'ஒட்சியேற்றம்' என வழங்குவதால், புலம்பெயர்ந்தோர்க்கான அகராதி இரு வழக்குகளையும் ஏற்றாக வேண்டும். அவற்றை இணைக்கத் தலைச்சொல்லுடன் வகுப்பும் குடும்ப எண்ணும் நிற்பதே தகும். எண்ணும் மாறக்கூடுமாதலின் பழைய எண்ணையும் அருகிற் குறித்தல் வேண்டும். 61ஐத் தேடி வருபவர் 9ஐ அடைய வேறு வழியில்லை.