ஏலக்காயும் இரத்தக் குழாய்களும்

போடிநாயக்கனூர் ஏல மையத்திற்கு வரும் ஏலக்காயில் வியாபாரிகள் நோக்குவன பச்சை நிறம், பருமன், மணம் ஆகிய மூன்றுமே. நான்காவதாக ஒரு குணமும் இப்பொழுது பேசப்படுகிறது. ஏலக்காயிலுள்ள பிளவனாய்டு என்னும் பொருள் இரத்தக் குழாய்களைக் காக்குமென்றும், ஆதலால் காயை மருந்தென்றே சொல்லி விற்கலாமென்றும் சிலர் கருதுகின்றனர். இதை நம்பி இரத்தக் கொதிப்புள்ளோர் வைத்தியர் கொடுத்த மாத்திரையை நிறுத்தத் துணியவுங்கூடும். ஆதலின் இதில் எவ்வளவு உண்மையுண்டு என்பதைத் தோட்டக்காரர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

பிளவனாய்டு என்பது தனியொரு பொருளன்று. செடிகள் தம் உபயோகத்திற்காக உண்டாக்கிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு அது குடும்பப் பெயர். வெயிலின் கடுங்கதிர்களால் இலை கெடாமல் காப்பதும், பூசணத்தையும் பூச்சியையும் எதிர்ப்பதும், மலருக்கும் கனிக்கும் நிறமளிப்பதும் இவற்றின் தொழில்களாம். ஏலக்காயிலும் இவை உண்டு. ஆனால் அதன் மணம் இவற்றால் வருவதன்று. மணம் விதையிலுள்ள ஆவியாகும் தைலத்திற்குரியது. சினியோல், டெர்பினைல் அசிடேட் என்னும் இரண்டுமே அத்தைலத்தின் பெரும்பாகம். தோலின் பசுமையோ பச்சையத்தால் வருவது. ஆகவே நல்ல பச்சையும் மிகுந்த வாசனையும் உள்ள காயில் பிளவனாய்டும் மிகுந்திருக்குமென எண்ணுவது பிழை.

இரத்தக் குழாயில் நேரும் கெடுதியைக் கொட்டகுடி ஆற்று நீர் பாயும் வாய்க்காலைக் கொண்டு விளக்கலாம். உட்பூச்சு பெயர்ந்த இடத்தில் மண் ஒதுங்கிப் புல் முளைத்து, நாளடைவில் நீரோட்டம் குறுகுகிறது. இரத்தக் குழாயின் உட்புறமும் ஓரணு கனமேயுள்ள மெல்லிய படலத்தால் மூடப்பட்டிருக்கிறது. புகையிலை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மிகுந்த கொழுப்பு ஆகியவற்றால் அப்படலம் பழுதுபடின், வெள்ளையணுக்கள் அவ்விடத்தில் ஒட்டி உட்புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அதன் தூண்டுதலால் குழாய்ச் சுவரின் நடுப்பாகத்திலுள்ள தசையணுக்கள் பெருகி உள்நோக்கி நகர்கின்றன. சுவர் தடித்து வழி குறுகுகிறது.

இத்தசையணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, குவர்செடின் முதலிய பிளவனாய்டுகளைச் சேர்த்துப் பார்த்த சோதனைகளில் அணுப்பெருக்கம் தணிந்தது. அழற்சியை வளர்க்கும் பொருள்களும் குறைந்தன. பேச்சு யாவும் இங்கிருந்தே கிளம்பியது. ஆனால் தட்டில் ஊற்றிய அளவு இரத்தத்தில் சேர்வதில்லை. உண்ட பிளவனாய்டு குடலிலும் ஈரலிலும் உருமாறி, மூல வடிவில் இரத்தத்தை அடைவது மிகச் சொற்பம். நாற்றங்காலில் ஒரு நாற்றுக்கு ஊற்றிப் பலன் கண்ட கரைசலைக் கண்மாய் நீரில் கலந்துவிட்டு அதே பலனை வயலில் எதிர்பார்ப்பது எங்ஙனமோ அங்ஙனமே இதுவும். 1936இல் ஹங்கேரி தேசத்து விஞ்ஞானி சென்ட் ஜியோர்ஜி முதலியோர், நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கு உறுதியளிப்பதாகக் கருதி இவற்றை ஒரு வைட்டமினாகவே அறிவித்தனர். பின்னர் அப்பெயர் கைவிடப்பட்டது.

மனிதரிடம் செய்த சோதனையும் இல்லாமலில்லை. உதயப்பூரில் இரத்தக் கொதிப்பு தொடக்க நிலையிலிருந்த 20 பேருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் ஏலப்பொடி வீதம் 12 வாரம் கொடுத்ததில் இரத்த அழுத்தம் தணிந்தது என்று 2009இல் வெளியாயிற்று. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் 20 பேரைக் கொண்டு ஊருக்கெல்லாம் மருந்து விதிக்க இயலாது. மேலும் அப்பலன் பிளவனாய்டினாலா, தைலத்தினாலா என்பது அச்சோதனையால் தெளியவில்லை. ஹாலந்தில் 805 முதியவர்களைக் கவனித்து 1993இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவில் பிளவனாய்டு மிகுதியாகக் கொண்டோரிடையே இருதய நோயால் இறப்பு குறைவாயிருந்தது. அவர்களுக்கு அது கிடைத்தது தேயிலை, வெங்காயம், ஆப்பிள் ஆகிய சாதாரண உணவிலிருந்தே. போடி வட்டாரத்துக் குடும்பத்திற்கும் ஒரு சிட்டிகை ஏலப்பொடியைவிட, அன்றாடம் குழம்பிலிடும் வெங்காயமும் முருங்கைக் கீரையுமே இவ்விஷயத்தில் பெரிது.

வியாபாரத்தைப் பொறுத்தமட்டில், இரத்தக் கொதிப்பையும் இருதய நோயையும் தீர்க்குமென்று விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷத்து ஆட்சேபகரமான மருந்து விளம்பரச் சட்டப்படி குற்றமாகும். பெட்டியின்மேல் அவ்வாறு அச்சிட விரும்புவோருக்குக் கிராம அதிகாரிகள் இதை எடுத்துச் சொல்லலாம். உடம்புக்கு நல்லதென்று பெயர் வாங்க விரும்பும் தோட்டக்காரர் கவனிக்கவேண்டியது வேறொன்று. இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் அடிக்கும் மருந்தின் எச்சம் காயில் தங்குமாயின், அதிலுள்ள எந்தச் சத்தும் அக்குறையை ஈடுசெய்யாது. மருந்தடித்தபின் குறித்த நாட்கள் கழியாமல் காய் பறித்தலாகாது. பச்சை தெரியச் சாயமேற்றுவதும் சட்ட விரோதமே. நிறம் நிற்கவேண்டுமாயின், பறித்த காயை 100 பங்கு நீருக்கு 2 பங்கு சலவைச் சோடா கலந்த கரைசலில் 10 நிமிஷம் ஊறவைத்து, நீர் வடித்து, ஸ்டோரில் மிதமான சூட்டில் உலர்த்துவதே முறை.