தோட்டத்து வீட்டில் மின்னழுத்தக் குறைவு: குறை எங்கே என்று கண்டறிவது எப்படி?

அன்னூர் வட்டாரத்தில் பல குடும்பங்கள் ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்துச் சாளையிலேயே குடியிருக்கின்றன. வீடு ஓரிடம், கட்டுத்தரை ஓரிடம், வீட்டுக்குத் தண்ணீர் எடுக்கும் மோட்டார் வேறோர் இடம் என்று மின்கம்பி நீண்டுகொண்டே போகிறது. மாலையில் விளக்கு மங்குகிறது; மோட்டார் உறுமுகிறதே தவிர ஓடுவதில்லை. உடனே ஸ்டெபிலைசர் வாங்குகிறோம், அல்லது மின்வாரியத்தைக் குறை கூறுகிறோம். குறை வாரியத்தின் கம்பியிலா, நம் கம்பியிலா என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

மின்னழுத்தம் 10 சதவிகிதம் குறைந்தால் மோட்டாரின் சுழற்றும் திறன் சுமார் 19 சதவிகிதம் குறைந்துவிடும். அப்போது மோட்டார் அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடேறும். காயில் கருகுவது இப்படித்தான்.

மூன்று அளவுகள்

உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டு மல்டிமீட்டரால் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்.

1. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மீட்டர் பலகையில் மின்சாரம் வரும் பக்கம்.
2. மோட்டார் அல்லது இஸ்திரிப் பெட்டியை ஓடவிட்டு, அதே இடத்தில்.
3. அது ஓடும்போதே, கம்பியின் கடைசி முனையில்.

நண்பகலிலும் இரவு 7 மணிக்கும் அளந்து குறித்துக்கொள்வது நல்லது.

ஒருமுனை இணைப்பில் 230 வோல்ட் இருக்க வேண்டும். 6 சதவிகிதக் குறைவு, அதாவது 216 வோல்ட் வரை ஏற்கத்தக்கது. முதல் அளவே இதற்குக் கீழ் இருந்தால் குறை டிரான்ஸ்பார்மரிலோ வாரியத்தின் லைனிலோ உள்ளது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் விசாரியுங்கள். முதல் அளவு சரியாக இருந்து இரண்டாவது வெகுவாக இறங்கினால், கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் கம்பியிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது குறைந்தால், கோளாறு நம் வயரிங்கில்தான்.

கம்பியின் பருமன்

மீட்டரிலிருந்து 100 மீட்டர் தொலைவில் ஒரு குதிரைத்திறன் மோட்டார் 7 ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் சுமார் 17 வோல்ட் வழியிலேயே போய்விடும். மோட்டார் கிளம்பும் நேரத்தில் இந்த இழப்பு 60 வோல்ட்டையும் தாண்டலாம். 6 சதுர மி.மீ. கம்பியானால் ஓடும்போது இழப்பு 4 வோல்ட்டுக்குச் சற்று மேல்தான்.

அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் நேரடியாக முறுக்கிக் கட்டக் கூடாது. அந்த இணைப்பு நாளடைவில் அரித்துச் சூடாகும்.

மெல்லிய கம்பியின் முனையில் ஸ்டெபிலைசர் வைத்தால் அது மேலும் அதிக மின்சாரத்தை இழுக்கும். கம்பி இன்னும் சூடேறும். ஸ்டெபிலைசருக்குச் செலவிடும் பணத்தை முதலில் கம்பிக்குச் செலவிடுவதே மேல்.

எச்சரிக்கை

மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில விளக்குகள் மங்கி, சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால் நியூட்ரல் கம்பி விட்டுப்போயிருக்கலாம். உடனே மெயினை அணைத்து வாரியத்துக்குத் தெரிவிக்கவும். எக்காரணம் கொண்டும் கம்பத்தில் ஏறக் கூடாது.

குறை வாரியத்தின் பக்கம் என்று தெரிந்தால், எடுத்த அளவுகளைத் தேதி, நேரத்துடன் எழுதிப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். மின்னகம் சேவை மையத்திலும் 94987 94987 என்ற எண்ணில் பதிவு செய்யலாம். "வோல்டேஜ் இல்லை" என்று வாயால் சொல்வதைவிட, "இரவு 7 மணிக்கு 190 வோல்ட்" என்று எழுதிக் கொடுப்பதற்கே பலன் அதிகம்.