தண்டல் கணக்கு: அம்மாவுக்குத் தெரிஞ்சது, எனக்குத் தெரியாதது

இன்னைக்கு எபிசோடை ஒரு பொய்யில இருந்து ஆரம்பிக்கிறேன். நான் சொன்ன பொய்தான்.

அப்போ எனக்குப் பத்து வயசு. வியாசர்பாடியில ஒரே ரூம் வீடு. அம்மா தெருமுனையில இட்லிக் கடை போட்டிருந்தாங்க. சாயங்காலம் வாசல்ல மொபெட் சத்தம் கேட்டா, அம்மா கதவுக்குப் பின்னாடி போய் நின்னுக்குவாங்க. நான் வெளியே வந்து, "அம்மா இல்லண்ணா, பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்காங்க"ன்னு சொல்லணும். வந்தவர் என்னைப் பார்ப்பார். அப்புறம் வாசல்ல கிடக்கிற அம்மாவோட செருப்பைப் பார்ப்பார். ஒண்ணும் சொல்லாம அட்டையில ஏதோ எழுதிட்டுப் போவார். சில நாள் தெருவே கேக்குற மாதிரி கத்திட்டுப் போவார்.

அவர் தண்டல்காரர். தண்டல்னா என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 10,000 ரூபாய் கடன் கேட்டா, 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடிச்சுக்கிட்டு 8,500 கையில குடுப்பாங்க. தினமும் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். பிடிக்கிற தொகை ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். முறை இதுதான்.

பார்க்கிறதுக்கு 15 சதவீத வட்டி மாதிரித்தான் இருக்கும். ஆனா அந்த 8,500 நூறு நாளும் உங்க கையில இருக்கிறதில்லை. முதல் நாள்ல இருந்தே திருப்பிக் கட்ட ஆரம்பிச்சிடுறீங்க. சராசரியா பார்த்தா, அதுல பாதிதான் உங்ககிட்ட இருக்கு. அந்தப் பாதிக்கு, 100 நாளைக்கு, 1,500 ரூபாய் வட்டி. வருஷக் கணக்குக்கு மாத்தினா 120 சதவீதத்தைத் தாண்டும். க்ரெடிட் கார்டு பில் கட்டாம விட்டா வருஷத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி வரும்னு நாம பயப்படுறோம். இது அதைப்போல மூணு மடங்கு.

வேலைக்குச் சேர்ந்த புதுசுல, லேப்டாப்ல எக்செல் போட்டு இந்தக் கணக்கை அம்மாவுக்குக் காட்டினேன். "இத்தனை வருஷமா ஏமாந்திருக்கீங்கம்மா"ன்னு சொன்னேன். கொஞ்சம் திமிராத்தான் சொன்னேன்.

அம்மா மாவு கரைச்சுக்கிட்டே சொன்னாங்க: "எனக்குக் கணக்கு தெரியாதுன்னு நினைச்சியா? 2015 வெள்ளத்துல கடை, அடுப்பு, கிரைண்டர் எல்லாம் போச்சு. தண்ணி வடிஞ்ச மறுநாள் பேங்க் மேனேஜரா நம்ம வீட்டுக்கு வந்தாரு? அவருதான் வந்தாரு. கையெழுத்து கேக்கல, சம்பளச் சீட்டு கேக்கல. மூணாவது நாள் நான் கடை போட்டேன்."

எனக்குப் பதில் வரல. வட்டி எவ்வளவுன்னு அம்மாவுக்கு நல்லாவே தெரியும். அந்த நேரத்துல, அந்த அளவுல, வேற யாரும் பணம் தர மாட்டாங்கன்னும் தெரியும். எனக்கு முதல் பாதி மட்டும்தான் தெரிஞ்சிருந்தது.

இதை ஆராய்ச்சியாளர்களும் சென்னையிலயே பார்த்திருக்காங்க. 2019-ல பொருளாதார நோபல் வாங்கினவங்கள்ல ரெண்டு பேர், அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும். 2011-ல வந்த அவங்க புத்தகத்துல சென்னை வண்டிக்கடை வியாபாரிகளைப் பத்தி எழுதியிருக்காங்க. காலையில 1,000 ரூபாய்க்குச் சரக்கைக் கடனா எடுத்து, சாயங்காலம் கிட்டத்தட்ட 1,047 ரூபாயாத் திருப்பிக் குடுக்கிறாங்க. ஒரே நாளைக்கு 4.69 சதவீதம் வட்டி. மூணே நாள், நாளுக்கு ரெண்டு டீ குறைச்சு, அந்தக் காசு அளவுக்குக் கடனைக் குறைச்சு வாங்கி, அதனால மிச்சமாகிற வட்டியையும் அப்படியே ஒதுக்கிட்டு வந்தா, 90 நாள்ல கடனே இல்லாம ஆகிடலாம்னு அவங்க கணக்குப் போட்டுக் காட்டுறாங்க. காகிதத்துல சரியான கணக்குதான். அப்புறம் ஏன் யாரும் செய்யல?

டீன் கார்லன், செந்தில் முல்லைநாதன், பெஞ்சமின் ராத்னு மூணு பேர் இதைச் சோதிச்சே பார்த்தாங்க. இந்தியாவிலும் பிலிப்பைன்ஸிலும், சந்தை வியாபாரிகளோட கந்து வட்டிக் கடனைத் தாங்களே அடைச்சாங்க. கடன் பூஜ்யம், இனி புதுசா தொடங்கலாம்னு விட்டாங்க. ஆறே வாரத்துல பெரும்பாலானவங்க மறுபடி கடன்ல இருந்தாங்க. ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா, கடன் அடைக்கப்படாதவங்களுக்கும் இவங்களுக்கும் வித்தியாசமே இல்லை.

"பார்த்தீங்களா, இவங்களுக்குப் பொறுப்பில்லை"ன்னு சொல்லிடறது ஈஸி. ஆனா எங்க வீட்டுல நான் பார்த்ததை வெச்சு யோசிச்சா வேற மாதிரித் தெரியுது. கடன் தீர்ந்த நாளும் கையில சேமிப்பு பூஜ்யம்தான். ஒரு வாரம் விடாம மழை, குழந்தைக்குக் காய்ச்சல், ஊர்ல ஒரு சாவு. இதுல எது வந்தாலும் போய் நிக்கிறதுக்கு அதே கதவு ஒண்ணுதான் இருக்கு. சேமிக்க வேண்டிய காசு வட்டியாப் போகுது. சேமிப்பு இல்லாததால மறுபடி வட்டிக்கு வாங்க வேண்டியிருக்கு. இந்தச் சக்கரத்துல எங்க வீட்டுல முதல்ல போனது அம்மாவோட கம்மல். அடுத்து அக்காவோட பிளஸ் டூ டியூஷன். அக்கா இன்னைக்கும் அதைப் பத்திப் பேச மாட்டா.

சட்டம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. நான் அந்தப் பொய்யைச் சொல்லிக்கிட்டிருந்த அதே காலத்துல, 2003-ல, தமிழ்நாட்டுல கந்து வட்டித் தடைச் சட்டம் வந்தது. தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாமே அதுக்குள்ள வரும். மூணு வருஷம் வரை ஜெயில், 30,000 ரூபாய் வரை அபராதம். ஆனா 2017 அக்டோபர்ல நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல, கந்து வட்டிக் கொடுமையால ஒரு குடும்பமே தீக்குளிச்சது. ரெண்டு சின்னக் குழந்தைகளோட. புகார் குடுத்தா நாளைக்கு யார்கிட்ட கடன் கேக்கிறதுங்கிற பயம், சட்டத்தைவிடப் பெருசா இருக்கு.

இப்போ தண்டல்காரர் போன்லயும் வர்றார். 5,000 ரூபாய்னு சொல்ற லோன் ஆப், "ப்ராசஸிங் ஃபீஸ்" கழிச்சு 3,500 போட்டு, ஏழு நாள்ல 5,000 கேட்டா, அது ஒரு வாரத்துக்கே 43 சதவீதம். கட்டலைன்னா வாசல்ல நின்னு கத்துறதுக்குப் பதிலா, உங்க காண்டாக்ட் லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் மெசேஜ் போகும்.

அதனால சில விஷயங்களைத் தெரிஞ்சு வெச்சுக்கங்க. ரிசர்வ் வங்கியோட விதிகள்படி, ஆப் மூலமா வர்ற கடன்ல எல்லாக் கட்டணமும் சேர்த்த வருஷ வட்டியை முன்னாடியே சொல்லணும். பணம் நேரா உங்க பேங்க் கணக்குக்கு வரணும். காண்டாக்ட், கேலரி எதையும் அவங்க தொடக் கூடாது. குழுக் கடன் வசூலிக்க வர்றவங்க காலையில ஒன்பது மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்புறமும் போன் பண்ணித் தொந்தரவு பண்ணக் கூடாது. 2025-ல, மிரட்டிக் கடன் வசூலிக்கிறதைத் தடுக்கத் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கு.

எந்தக் கடனா இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க. கையில எவ்வளவு வரும்? மொத்தம் எவ்வளவு கட்டணும்? எத்தனை நாள்ல? வட்டி எத்தனை சதவீதம்னு அவங்க சொல்றதைவிட இந்த மூணும் உண்மையைச் சொல்லும்.

கடைசியா, சம்பளம் வாங்குற நமக்கு ஒண்ணு. உங்க வீட்டுல வேலை செய்யுற அக்கா அட்வான்ஸ் கேட்டா, "ஏன், போன மாசம்தானே வாங்கினீங்க"ன்னு கேக்கிறதுக்கு முன்னாடி, நீங்க இல்லைன்னு சொன்னா அவங்க யார்கிட்ட போவாங்கன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. தெருவுல கடை போடுறவங்களுக்கு 2020-ல தொடங்கின பி.எம். ஸ்வநிதி கடன் இருக்கு. அடமானம் வேண்டாம், ஒழுங்காக் கட்டினா வட்டியில மானியமும் உண்டு. ஆனா மாநகராட்சி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேணும். அந்தப் படிவத்தை நிரப்புறதுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குறது, வட்டிக் கணக்கு பாடம் எடுக்கிறதைவிட உபயோகம். நான் பாடம் எடுத்துப் பார்த்தவன், அதனால சொல்றேன்.

அம்மா இப்பவும் கடை போடுறாங்க. தண்டல் வாங்கி நாலு வருஷம் ஆச்சு. சாமி படத்துக்குப் பின்னாடி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கு. அதுல தினமும் 100 ரூபாய் போடுறாங்க. அதே 100 ரூபாய்தான். மாசா மாசம் நான் குடுக்கிற பணம் வீட்டு வாடகையைப் பார்த்துக்கிறதாலதான் அந்த நூறு மிஞ்சுது. இதுக்கு அம்மா புதுசா எந்தக் கணக்கும் கத்துக்கல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.